சிலைக்கு யார் சல்லி கட்டினது? கொழும்பில பொதுக்கலைச் செலவு எந்த ஃபைல்ல இருக்கு

ரவுண்டபவுட் ஒண்டுல புதுசா சிலை முளைக்கும், இல்லாட்டி பாலத்துத் தூணுக்கு யாரோ பூவும் மயிலும் வரைஞ்சிருப்பாங்க, அடுத்த நாளே ஃபேஸ்புக்ல ரெண்டு கட்சி. ஒரு கட்சி "எங்கட டாக்ஸ் சல்லில கூத்து"ன்னு கத்தும், மத்தக் கட்சி "ஊர் அழகா இருந்தா உங்களுக்கு ஏன் எரியுது"ன்னு கேக்கும். சண்டை முழுக்க ஒரு தொகையைப் பத்தி, ஆனா அந்தத் தொகை ரெண்டு பக்கத்துக்கும் தெரியாது. பிறகு எப்பவாவது ஒரு நம்பர் வெளியில வரும், அதைப் பார்த்து எல்லாரும் அடங்கிருவாங்க, இல்லாட்டி இன்னும் கொதிப்பாங்க. அந்த நம்பர் பெரும்பாலும் சிலையோட விலை இல்ல, சிலையோட பல பில்லுகள்ல ஒரு பில். இதை விளங்கிக்கிட்டாத்தான் மிச்சம் எல்லாம் விளங்கும்.

"டாக்ஸ் சல்லி"ன்னா எந்தச் சல்லி

கொழும்பில பொது இடத்துல நிக்கிற ஒரு கலைப்படைப்புக்கு சல்லி நாலு வழியில வரலாம்.

1. திறைசேரி வழி. அமைச்சுக்கு, திணைக்களத்துக்கு பாதீட்டுல ஒதுக்கிற சல்லி. நீங்க வருமான வரியே கட்டாத ஆளா இருந்தாலும் இதுல உங்க பங்கு இருக்கு, 2024 ஜனவரியிலருந்து வாற் (VAT) 18%, அதனால கடையில சவர்க்காரம் வாங்கினவரும் வரி கட்டினவர்தான்.

2. மாநகர சபை வழி. சோலைவரி, வியாபார லைசன்ஸ், விளம்பரப் பலகைக் கட்டணம், மாகாண சபை வழியா வாற முத்திரை வரி, கோர்ட் தண்டப்பணம், இதெல்லாம் மாநகர நிதியத்துக்குள்ள போகுது. "எனக்கு சொந்த வீடே இல்ல, சோலைவரி எனக்கென்ன"ன்னு வெள்ளவத்தையில வாடகைக்கு இருக்கிறவங்க நினைப்பாங்க, வீட்டுக்காரர் அதை வாடகையில ஏத்தாமலா விட்டிருப்பார்.

3. அதிகாரசபை, கூட்டுத்தாபனம் வழி. நகர அபிவிருத்தி அதிகாரசபை மாதிரி நிறுவனங்களுக்கு காணி, குத்தகை, கட்டணம்னு சொந்த வருமானம் இருக்கு. "இது டாக்ஸ் சல்லி இல்ல, எங்க வருமானம்"ங்கிற பதில் இங்கதான் வரும். அந்தக் காணி யாருடையதுன்னு திருப்பிக் கேட்டா போதும். பொதுச் சொத்துல உழைச்ச சல்லி பொதுச் சல்லிதான், சட்டத்துக்கு முன்னாலயும் அதே கதைதான், அதைக் கீழ பார்ப்போம்.

4. அன்பளிப்பு, ஸ்பொன்சர் வழி. காலிமுகத்திடல்ல நிக்கிற எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சிலை சோவியத் யூனியன் குடுத்தது. ஓசின்னு தோணும். ஆனா கடற்கரையில உப்புக்காத்துல நிக்கிற உலோகத்தை யாராவது கழுவணும், பீடத்தைப் பார்க்கணும், புல்லு வெட்டணும். அந்தச் செலவை எந்த நாடும் அன்பளிப்பாத் தராது.

ஒரு சிலை, ஆறு பில்

ஏதாவது ஒரு சிலைக்கிட்டப் போய் கல்வெட்டை வாசிச்சுப் பாருங்க. மேல அமைச்சர் பேர் பெரிய எழுத்துல, அதுக்குக் கீழ கௌரவ இன்னார், கௌரவ இன்னார், திறந்து வச்ச திகதி, மூணு மொழி, அதுல தமிழ் வரியில மட்டும் ஒரு கொம்போ ஒரு புள்ளியோ காணாமப் போயிருக்கும். செய்த சிற்பியோட பேரைத் தேடினா சில நேரம் கடைசி மூலையில இருக்கும், சில நேரம் இருக்கவே இருக்காது. எவ்வளவு செலவு, எந்த நிதிங்கிற ரெண்டு வரிக்கு கல்லுல இடமிருக்கும், போட மாட்டாங்க. வெளிநாட்டு உதவியில போட்ட ரோட்டோரத்துல நிதி யார் தந்தது, கொந்தராத்து யாருக்குன்னு போர்ட் பார்த்திருப்பீங்க. சிலைக்கு அந்தப் பழக்கம் வரல.

கல்வெட்டுல இல்லாத அந்தச் செலவு இப்பிடித்தான் பிரியும்:

1. வடிவமைப்பும் கலைஞர் கூலியும். மாதிரி செய்றது, திருத்துறது எல்லாம் இதுல.

2. பொருள். வெண்கலத்துக்கும் ஃபைபர் கிளாஸுக்கும் சீமெந்துக்கும் விலையில மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், தூரத்துலருந்து பார்த்தா பெயின்ட்டுக்குக் கீழ எதுன்னு தெரியாது. அதனால இந்த பில்தான் முதல்ல பார்க்க வேண்டிய பில்.

3. பீடம், அத்திவாரம், பொறியியல் வேலை. இது பெரும்பாலும் கலைஞருக்குப் போகாது, வேற கொந்தராத்துக்காரருக்குப் போகும், வேற ஃபைல்.

4. லைட், கரண்ட் கனெக்ஷன், சுத்தி வர புல்லு, கல்லுப் பதிக்கிறது. இதுவும் வேற ஃபைல், சில நேரம் வேற டிப்பார்ட்மென்ட்.

5. திறப்பு விழா. கூடாரம், கதிரை, மேளம், ஒலிபெருக்கி, பேப்பர் விளம்பரம், சாப்பாடு. சின்னப் படைப்பா இருந்தா இந்த பில் கலைஞர் கூலியை எட்டிப் பிடிக்கும்.

6. பராமரிப்பு. திறந்த நாளுக்கும் அடுத்த நாள் தொடங்கி சிலை இருக்கிற வரைக்கும்.

இப்ப "சிலைக்கு எவ்வளவு?"ன்னு கேட்டா ஒரு அதிகாரி மனசாட்சிக்கு விரோதமில்லாம முதலாவது பில்லை மட்டும் சொல்லலாம். பொய் சொன்னார்னு சொல்லவும் முடியாது. மத்தப் பக்கத்துல, ரோட்டை அகலிச்சு கான் கட்டி சிலையும் வச்ச முழு ப்ரொஜெக்ட் தொகையைப் போட்டு "சிலைக்கு இவ்வளவு கோடி"ன்னு ஒருத்தர் போஸ்ட் போடுறதும் இதே ஓட்டையாலதான். ஆளுக்கொரு பில்லைத் தூக்கிப் பிடிச்சிட்டு அடிபடுறாங்க.

ஏன் எல்லாம் ஒரே இடத்துல இல்ல

முதல் காரணம் நிலம். காலி வீதி ஏ2, தேசிய வீதி, அது வீதி அபிவிருத்தி அதிகாரசபையோட பொறுப்பு. அதுல திரும்புற குறுக்குத் தெரு மாநகர சபை. பக்கத்துல உள்ள காணி நகர அபிவிருத்தி அதிகாரசபையா இருக்கலாம், கான் வேற ஆளா இருக்கலாம், சுவர் ஏதாவது திணைக்களத்து மதிலா இருக்கலாம். அதனால கவுண்டர்ல போய்க் கேட்டா "அது எங்கட ரோட் இல்ல தம்பி, மற்ற ஒஃபிஸ்ல கேளுங்க"ங்கிற பதில் எப்பவும் சாட்டுன்னு நினைக்க வேணாம், பாதி நேரம் உண்மை.

ரெண்டாவது தலைப்பு. பாதீட்டுப் புத்தகத்துல செலவு தலைப்புத் தலைப்பா ஓடும். நகர அழகுபடுத்தல், பூங்கா பராமரிப்பு, வீதி மேம்பாடு, விழாச் செலவு, இப்பிடியான தலைப்புக்குள்ளதான் ஓவியமும் சிலையும் படுத்துக் கிடக்கும். அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா நகரம் 1959லயே கட்டடச் செலவுல 1% கலைக்குன்னு விதி கொண்டுவந்தது, ஃபிரான்ஸ் 1951ல பள்ளிக்கூட, பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு அதே மாதிரி 1% வச்சது. அங்க கலை பெருசுங்கிறதுக்காக இதைச் சொல்லல, தனியா ஒரு தலைப்பு இருந்தா அதுக்குத் தனியா ஒரு கணக்கு வரும், அவ்வளவுதான் விஷயம்.

சம்பந்தமில்லாத நிறுவனத்துல செலவு போனா என்னாகும்ங்கிறதுக்கு உள்ளூர் உதாரணம் இருக்கு. மெதமுலனவில ராஜபக்ஷ சகோதரர்களோட அப்பா டி.ஏ. ராஜபக்ஷவுக்கு நினைவிடமும் மியூசியமும் கட்டினதுல அரச சல்லி ரூபா 33.9 மில்லியன் முறைகேடாப் பாவிக்கப்பட்டதுன்னு 2018ல கோத்தாபய ராஜபக்ஷ உட்பட சிலர் மேல விசேட மேல் நீதிமன்றத்துல வழக்குப் போட்டாங்க. அந்தச் சல்லி கலாசார அமைச்சோடது இல்ல, காணி மீட்பு அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தோடது, அதாவது சதுப்பு நிலம் நிரப்புறது, கால்வாய் வெட்டுறது மாதிரி வேலை பார்க்கிற நிறுவனம். 2019 நவம்பர்ல அவர் ஜனாதிபதியானதும் ஜனாதிபதிப் பதவிக்கு இருக்கிற சட்ட விலக்கு காரணமா வழக்குலருந்து விடுவிக்கப்பட்டார், ஆக அவர் மேல குற்றம் நிரூபணமாகல, அதைச் சரியாச் சொல்லணும். நம்ம கேள்விக்கு இதுல பிரயோசனப்படுறது ஒண்டுதான், ஒரு நினைவிடத்தோட கணக்கைத் தேடுற ஆள் கால்வாய் வெட்டுற நிறுவனத்து லெட்ஜரைப் போய்ப் பார்ப்பாரா?

மூணாவது, கேள்வி கேக்கிற கதிரை காலியா இருந்த காலம். கொழும்பு மாநகர சபை உறுப்பினர்களோட பதவிக்காலம் 2023 மார்ச்ல முடிஞ்சது, தேர்தல் நடந்தது 2025 மே 6ல. இடையில ரெண்டு வருஷத்துக்கு மேல சபையை ஆணையாளர் தான் கொண்டு நடத்தினார். சல்லி செலவாகாம நிக்கல, ஆனா "இது எந்த வவுச்சர்?"னு எழும்பிக் கேக்க ஒரு உறுப்பினரும் இல்ல, கூட்டக் குறிப்புல பதியவும் ஆளில்ல. அந்தக் காலத்துச் செலவுக்கு இப்ப ஆவணம் ஒண்டுதான் வழி.

டெண்டர் கதை

"டெண்டர் போட்டாங்களா?"ன்னு கேக்கிறது நம்ம ஊர்ல சகல ரோக நிவாரணி. கலைக்கு அது முழுசாப் பொருந்தாது. குழாய் வாங்கினா குறைஞ்ச விலைக்காரருக்குக் குடுக்கலாம், ஆனா குறைஞ்ச விலைக்கு முகம் செதுக்கினா என்ன வரும்னு நாம நிறையச் சந்தியில பார்த்திருக்கோம், பெரியவர் ஒருத்தரோட சிலை அவர் மாதிரி இல்லாம பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி நிக்கும். அதனால வேற முறைகள் இருக்கு, வடிவமைப்புப் போட்டி வைக்கலாம், நாலு அஞ்சு கலைஞர்கிட்ட மட்டும் முன்மொழிவு கேக்கலாம், காரணம் எழுதிவச்சு ஒருத்தருக்கே நேராக் குடுக்கலாம். நேராக் குடுக்கிறதே களவுன்னு சொல்ல முடியாது. எழுதின காரணம் ஃபைல்ல இல்லாம நேராக் குடுக்கிறதுதான் பிரச்சினை.

இன்னொரு ஓட்டை இருக்கு, அதைப் பெருசா யாரும் பேசுறதில்ல. 2023 செப்டம்பர்ல சர்வதேச நாணய நிதியம் இலங்கை ஆட்சிமுறை பத்தி வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கையில, பெரிய பெறுகை (அரச கொள்முதல்) ஒப்பந்தங்களை வெப்சைட்ல போடணும்னு சொன்னாங்க, எல்லை ரூபா 100 கோடி. நல்ல விஷயம், ஆனா எந்தச் சுவரோவியம் 100 கோடிக்குப் போகும்? நகரத்துல நம்ம கண்ணுக்கு தினம் தெரியுற செலவு எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழதான் நடக்குது. பெரிய மீனுக்குப் போட்ட வலையில நெத்தலி மாட்டாது.

"ஸ்பொன்சர் தானே, உங்களுக்கென்ன"

2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு நாடு முழுக்க இளைஞர்கள் தூரிகையோட இறங்கினது ஞாபகம் இருக்கும். கொழும்பு மதிலெல்லாம் சிங்கம், ராஜாக்கள், போர்வீரர், மரம், பறவை. பெரும்பாலும் தொண்டர் வேலை, பெயின்ட் ஊராக்கள் குடுத்தது. அரச செலவு சைபர்னு ஒரு வாதம் அப்ப இருந்தது, சல்லிக் கணக்குல பார்த்தா பெரிய பிழையில்ல. ஆனா அந்த மதில் எல்லாம் பொது மதில், அதுல எது வரையலாம்னு யார் முடிவெடுத்தது, எந்தக் கடிதத்துல அனுமதி குடுத்ததுங்கிற கேள்விக்கு சைபர் பதில் இல்ல. போர்வீரர் படத்துக்கு முன்னால பஸ்ஸுக்கு நிக்கிற தமிழ் ஆளுக்கு அந்தக் கேள்வி சும்மா வாற கேள்வியுமில்ல. பிறகு ரெண்டு மூணு மழைக்கு சிங்கத்தோட பிடரி செதில் செதிலா உரிஞ்சு, அதுக்கு மேல டியூஷன் போஸ்டர் ஒட்டி, கீழ வெத்திலை துப்பி, கடைசியில யாரோ வெள்ளை அடிச்சாங்க. அந்த வெள்ளைக்கு பில் இருக்கும்.

கம்பனி ஸ்பொன்சர்னா கணக்கு இன்னும் நுணுக்கம். ரவுண்டபவுட்ல ஒரு கம்பனி சிலையும் பூந்தோட்டமும் செய்து நாலு பக்கமும் லோகோ வச்சா, அதே இடத்துல அதே அளவு விளம்பரப் பலகைக்கு அந்தக் கம்பனி சபைக்கு என்ன கட்டியிருக்கும்னு யோசிக்கணும். அந்தக் கட்டணத்தை அறவிடலைன்னா, சபை கையால காசு எடுத்துக் குடுக்கலையே தவிர, வரவேண்டிய வருமானத்தை விட்டுக் குடுத்திருக்கு. செலவுப் பக்கத்துல இது எந்தக் காலமும் தெரியாது, ஏன்னா இது செலவே இல்ல, வராத வரவு.

ஸ்பொன்சர் எல்லாம் இப்பிடித்தான்னும் இல்ல. ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில 1993லருந்து நடக்கிற கலா பொல சந்தையை ஜோர்ஜ் கீற் மன்றம் ஜோன் கீல்ஸ் குழுமத்தோட அனுசரணையில நடத்துது, யார் நடத்துறாங்க, யார் சல்லி போடுறாங்கன்னு பகிரங்கமாத் தெரியும், கலைஞர் தன் படத்தைத் தானே விக்கிறார். கேக்கிறதுக்கு அதிகமா ஒண்டுமில்ல.

சட்டத்துல என்ன இருக்கு

2015ல 19ஆவது திருத்தத்தோட தகவல் அறியும் உரிமை அரசியலமைப்புக்குள்ள வந்தது, 14அ உறுப்புரை. அதுக்கான சட்டம் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரி 3லருந்து நடைமுறை. பொதுக்கலை விஷயத்துல இதுல மூணு இடம் முக்கியம்.

1. யாரைக் கேக்கலாம். அமைச்சு, திணைக்களம், மாநகர சபை, நியதிச்சட்ட சபைகள் மட்டுமில்ல, அரசுக்கு 25% அல்லது அதுக்கு மேல பங்கிருக்கிற கம்பனியும் "பொது அதிகாரசபை"தான். அரசோட ஒப்பந்தத்துல பொதுப்பணி செய்ற தனியாரும் அந்தப் பணி அளவுக்கு உள்ள வாறாங்க. "எங்க வருமானம், டாக்ஸ் இல்ல"ங்கிற பதில் இங்க செல்லாது, சட்டம் சல்லி எங்கருந்து வந்ததுன்னு பார்க்கல, தகவல் யார் கையில இருக்குன்னு பார்க்குது.

2. 9ஆம் பிரிவு. இது யாரும் பாவிக்காத ஆயுதம். உள்நாட்டு நிதின்னா ரூபா 5 லட்சத்துக்கு மேல, வெளிநாட்டு நிதின்னா 1 லட்சம் டொலருக்கு மேல போற திட்டங்களோட தகவலை, தொடங்குறதுக்கு 3 மாசம் முன்னாலயே பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவங்களுக்கும் சொல்றது பொறுப்பான அமைச்சரோட கடமை. 5 லட்சத்தை இன்றைய விலையில வச்சுப் பார்த்தா நல்ல சைஸ் சிலை எதுவும் தப்பாது. நாம கேட்டு அவங்க தாறது வேற, நாம கேக்க முந்தியே சொல்ல வேண்டியது வேற, இது ரெண்டாவது வகை.

3. மறுக்கிற காரணங்கள், 5ஆம் பிரிவு. கலைக் கொந்தராத்துக்கு வழக்கமா நீட்டுறது 5(1)(ஈ), வணிக இரகசியமும் புலமைச் சொத்தும். ஓவியத்தோட பதிப்புரிமை கலைஞருக்குன்னா அதை நீங்க கொப்பி அடிச்சு விக்கேலாது, சரி, ஆனா சபை அதுக்கு என்ன விலை குடுத்ததுங்கிறது ஓவியமுமில்ல இரகசியமுமில்ல. அதுக்கு மேல, அதே பிரிவுலயே பொதுநலன் பெருசுன்னா வெளியிடலாம்னு இருக்கு. சொத்து விவரம் ஒப்படைச்ச எம்பீமாரோட பேர்ப் பட்டியலையே குடுக்கச் சொன்னது, இந்தச் சட்டத்துல மேன்முறையீடு கேக்கிற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு, 2023ல மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதைச் சரின்னது, ஒரு சிலை பில்லுக்கு பயப்பட வேண்டியதில்ல.

கேள்வியை எப்பிடி எழுதுறது

தமிழ்ல எழுதலாம். விண்ணப்பத்துக்கு சல்லி இல்ல. எதுக்குக் கேக்கிறீங்கன்னு காரணம் சொல்லத் தேவையில்ல, அவங்க கேட்டாலும் தேவையில்ல. எழுத ஏலாதவங்க வாயால சொன்னா தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கணும். ஆனா "இந்தச் சிலைக்கு ஏன் இவ்வளவு வீண் செலவு?"ன்னு எழுதினா ஒண்டும் வராது, அது கேள்வியில்ல, கோபம். சட்டம் ஆவணம் தரும், விளக்கம் தராது. ஆவணப் பேரைச் சொல்லிக் கேளுங்க, உதாரணத்துக்கு:

"குறித்த இடத்தில் அமைக்கப்பட்டுள்ள சிலை தொடர்பாக: (1) அங்கீகாரம் வழங்கிய கூட்டத் தீர்மானம் அல்லது கடிதத்தின் பிரதி, (2) பெறுகை முறையும் அதற்கான காரணமும் பதியப்பட்ட ஆவணம், (3) கலைஞருடனும் ஒப்பந்தக்காரருடனும் செய்த ஒப்பந்தங்கள், (4) செலுத்தப்பட்ட எல்லா வவுச்சர்களும், செலவுத் தலைப்பு இலக்கத்துடன், (5) திறப்பு விழாச் செலவு, (6) அனுசரணையாளர் இருப்பின் உடன்படிக்கையும், விளம்பரக் கட்டணம் அறவிடப்பட்டதா என்பதற்கான பதிவும், (7) பராமரிப்புக்குப் பொறுப்பான நிறுவனமும் ஆண்டு ஒதுக்கீடும்."

நாலாவதுல "செலவுத் தலைப்பு இலக்கத்துடன்"ங்கிற சொல்லை விட்டுறாதீங்க, அந்த இலக்கம் கிடைச்சா அதே தலைப்புல வேற என்னென்ன போயிருக்குன்னு அடுத்த விண்ணப்பத்துல கேக்கலாம், நூல் பிடிச்ச மாதிரி.

பிறகு நாள் கணக்கு. 14 வேலை நாளுக்குள்ள தருவோமா மாட்டோமான்னு முடிவு சொல்லணும். தரலைன்னா, இல்லாட்டி வாய் திறக்காம இருந்தா, 14 நாளுக்குள்ள அதே நிறுவனத்துல குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அவருக்கு 3 கிழமை டைம். அதுவும் சரிவரலைன்னா 2 மாசத்துக்குள்ள ஆணைக்குழு. "எங்க நிறுவனம் இல்ல"ன்னு பதில் வந்தா அதையும் எழுத்துல வாங்கி வைங்க. நாலு நிறுவனமும் எழுத்துல இல்லைன்னு சொன்னா அந்தச் சிலை தானா நடந்து வந்திருக்கணும், அந்த நாலு கடிதத்தையும் ஒண்டாப் பின் அடிச்சு ஆணைக்குழுவுக்குக் குடுக்கலாம், கணக்காய்வாளர் நாயகத்துக்கும் ஒரு கொப்பி அனுப்பலாம். உள்ளூராட்சி சபைக் கணக்குகளை பாராளுமன்றத்தோட பொதுக் கணக்குக் குழு (கோபா) கூப்பிட்டு விசாரிக்கலாம்ங்கிறதையும் மனசுல வச்சுக்கிங்க.

கலைஞர் பக்கம்

ஆவணம் வெளியில வந்தா கலைஞருக்குத்தான் அவமானம்னு ஒரு பயம் இருக்கு, "இவ்வளவு வாங்கினாரா?"ன்னு ஊர் பேசும்னு. ஆறு பில்லையும் பக்கத்துல பக்கத்துல வச்சா படம் மாறும். பீடத்துக்கும் லைட்டுக்கும் கூடாரத்துக்கும் போனது தனித்தனியாத் தெரியும்போது, முழுத்தொகையையும் கலைஞர் தலையில கட்டின போஸ்ட்டுக்கு வேலை இல்லாமப் போகும்.

ஒப்பந்தத்தைக் கையில வாங்கினதும் இன்னொரு வரியைத் தேடுங்க, படைப்பை அழிக்கவோ மாத்தி வரையவோ இடம் மாத்தவோ யாருக்கு உரிமைங்கிற வரி. 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கலைஞருக்கு தார்மீக உரிமை குடுக்குது, தன் பேர் போடச் சொல்லலாம், தன் பேருக்குக் களங்கம் வாற மாதிரி படைப்பைச் சிதைச்சா எதிர்க்கலாம். ஒப்பந்தத்துல இந்த வரி இல்லைன்னா ஒரு நாள் காலையில வெள்ளை வாளியோட வாற ஆளை நிப்பாட்ட கலைஞர்கிட்ட சட்டம் மட்டும்தான் இருக்கும், கையில ஒரு கடதாசி இருக்காது. சபைக்கும் அதே தலையிடிதான், அழிச்சது யார் உத்தரவு, புதுசா வரைய எந்தத் தலைப்புல சல்லின்னு மறுபடி முதலாவது பில்லுலருந்து தொடங்கணும்.